தன்வினை

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம்
ஏழு நிமிடம் பிந்தி ஓடும்.
செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்து
கெப்போங் அடுக்குமாடிக்கு வந்த அன்று
அப்பா அதை லோரியில் ஏற்றவில்லை.
மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கண்ணாடியின் கீழ்விளிம்பில்
பிளேடால் சுரண்டிய தடம்.
சிவப்புச் சாயத்தில் இரண்டு கோடும் ஒரு புள்ளியும்
பிளேடுக்குத் தப்பி இருந்தன.
சின்ன வயதில் அதைப் பூச்சி என்று நினைத்திருந்தேன்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டால்
பள்ளிக்கூட நாளில் "வாங்கினது" என்றார்.
என் கல்யாணத்துக்கு முந்தின வாரம்
"கொடுத்தாங்க."
ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு,
"கிடைச்சது."
அதற்கு மேல் பேச நர்ஸ் விடவில்லை.
இல்லை,
நான் கேட்கவில்லை என்பதுதான் சரி.

அறுபத்தொன்பது மே மாதம்
கலவரம் நடந்தது என்கிறோம்.
தனக்கே இரண்டு கால் இருந்ததுபோல,
யாரும் கூட்டிப் போகாமல்,
கம்போங் பாருவுக்கும் சௌக்கிட்டுக்கும்
பிறகு ஜூனில் எங்கள் செந்தூலுக்கும்
அதுவாகவே நடந்தது.
கடை எரிந்தது. கதவு உடைந்தது.
ஆள் விழுந்தான்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு
இலக்கணம் எடுப்பவள் நான்.
எரிந்தது, எரித்தது.
ஒரே ஓர் ஒற்றுதான் என்று
பலகையில் 'ந்'-ஐ அழித்து 'த்' போட்டுக் காட்டுவேன்.
பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.
இந்த வருடம் அழித்த இடத்தில்
எதையும் எழுதாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.
"டீச்சர்?" என்றான் முன்வரிசை லிங்கேஷ்.

பழைய அண்டை வீட்டாரைக் கேட்டால்
ஆளுக்கொரு காப்பாற்றிய கதை உண்டு.
மிளகாய்ச் சாக்குக்குப் பின்னால்
சீனப் பையனை ஒளித்துவைத்த தங்கராசு.
ஊரடங்கில் வேலிக்கு மேலே
அரிசி மூட்டையை நீட்டிய பாக் ஹம்தான்.
மலாய்த் தாதியை வேனில் படுக்கவைத்து
மேலே முட்டைக்கோஸ் அடுக்கி
பொது மருத்துவமனை வரை ஓட்டிய ஆ கியோங்
(தாதி கடைசி வரை தும்மலை அடக்கினாளாம்).
நம்புகிறேன், எல்லாவற்றையும்.
ஆனால் கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது.
ஊர் முழுக்கக் காப்பாற்றியவர்கள் என்றால்
வாளோடு வந்தவன்
எந்த வீட்டுக்குத் திரும்பிப் போனான்?
யார் அவனுக்குச் சோறு போட்டது?
சட்டையை ஊறவைத்தது யார்?

"நாம யாரையும் தொடலை" என்பார் அப்பா.
தமிழன் நடுவில் மாட்டிக்கொண்டான்,
எங்கள் வீட்டு வரலாறு அவ்வளவுதான்.
நடுவில் மாட்டிக்கொண்டவன் கையில்
கடிகாரம் எப்படி மாட்டியது?

கீழ்த் தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும்
லாய் சூன் மெய்யிடம் கொண்டுபோனேன்.
உருப்பெருக்கியைக் கண்ணில் செருகி
வெகுநேரம் பார்த்தாள்.
"பாதி எழுத்து" என்றாள் மலாயில்.
"இந்தக் கால் பல எழுத்துகளுக்கு வரும்.
ஒருவரின் குடும்பப் பெயராக இருக்கலாம்.
'கடை செழிக்கட்டும்' என்பதாகவும் இருக்கலாம்."

எந்த வருடத்தது என்று கேட்டாள்.
சொன்னேன்.
"என் பெரியப்பா அப்போது ஒரு மலாய்ப் பையனைக் காப்பா..."
என்று தொடங்கியவள்
உருப்பெருக்கியைக் கழற்றித் துடைத்தாள்.
"அப்படித்தான் சொல்லுவார்கள்" என்றாள்.
கடையில் வேறு யாரோ வந்து
பிரேம் விலை கேட்டார்கள்.

இரவு, விடைத்தாள்களை ஒதுக்கிவிட்டு
எழுவாய் சேர்த்து எழுதிப் பார்த்தேன்.
அப்பா கடிகாரத்தை எடுத்தார்.
ஏழு சிவப்புக் கட்டிடம் போல நிற்காது இந்த வாக்கியம்,
சாய்கிறது.
யாரிடமிருந்து என்று எழுதவேண்டிய இடத்தில்
இரண்டு கோடு,
ஒரு புள்ளி.